எழுதி வைக்காத வழி

அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைன் அக்கா என்றால்தான் தெரியும். பெரிய டாக்டரே ஒருமுறை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு, புதுசா வந்தவங்களா?" என்று கேட்டிருக்கிறார். லைன் கிடைக்கவில்லையா, லைன் அக்காவைக் கூப்பிடு. லைன் கிடைத்தும் ஒன்றும் வரவில்லையா, அப்போதும் லைன் அக்காவைக் கூப்பிடு. ஆறு வருடமாக அங்கே இதே பாட்டுதான்.

அதற்கு முன்னால் அவள் தொலைபேசி நிலையத்தில் இருந்தாள். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு துளையிலிருந்து வயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகி, ஊராரின் கல்யாணப் பேச்சையும் வாய்ச்சண்டையையும் இணைத்துவிடுகிற வேலை. பிறகு எல்லாம் தானியங்கி ஆனது. அங்கிருந்த பெண்களைச் சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுகிற மாதிரி ஆளுக்கொரு இலாகாவில் போட்டார்கள். இவளுக்கு விழுந்தது ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற கூடம். முதல் ஒரு வருடம் குப்பிகளில் சீட்டு ஒட்டினாள். அப்புறம் ஒரு நாள் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைக்கிற மோடங்கள் வந்து இறங்கின. கூடவே வந்த என்ஜினியர் இரண்டு நாள் ஏதேதோ தட்டினார், ஒரு தடிமனான புத்தகத்தை மேசைமேல் வைத்தார், போய்விட்டார். போனவர் போனவர்தான். போன் சம்பந்தப்பட்டது என்பதால் எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். இவளும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தோடு எட்டு மாதம் மல்லுக்கு நின்றாள்.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரத்தில் ஆறு கிளை மருத்துவமனைகள். காலையில் ஜீப்பில் ரத்தம் வரும். முடிவுகள் டெலிபோன் லைன் வழியாகத் திரும்பிப் போகும். கிளையில் இருக்கிறவர் டயல் செய்தால், மோடம் இரண்டு தரம் கிறீச்சிட்டு, கூடத்து மோடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும். இங்கே அனுப்பிய ரிப்போர்ட் அங்கே பிரிண்டரில் விழும். அதற்காக ஒவ்வொரு மெஷினுக்கும் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள் கொண்ட ஐ.பி. முகவரி உண்டு. மூன்றாவது எண் எந்தக் கிளை என்று சொல்லும், நாலாவது எண் அந்தக் கிளைக்குள் எந்த மெஷின் என்று சொல்லும். எந்தக் கிளைக்கு எந்த மோடம் வழியாகப் போக வேண்டும் என்று கூடத்தின் தலைமைக் கம்ப்யூட்டரான சர்வரிடம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. மனிதர்களைப்போல நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு போகிற புத்தி அதற்கு இல்லை.

இந்த வழிகளை நினைவு வைத்துக்கொள்ள அவள் சுவரில் ஒரு அட்டை மாட்டி, ஆணி அடித்து, கிளைக்கு ஒரு நிறமாக நூல் கட்டியிருந்தாள். நூல் எல்லாம் கணவனின் தையல் கடையிலிருந்து வந்தது.

"கடைக்கு வர்றவங்க ஊதா நூல் எங்கன்னு கேக்கறாங்க. ஆத்தங்கரை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குன்னு சொல்லவா?" என்பார் தையல்காரர்.

"சொல்லுங்க, பெருமைதானே" என்பாள் இவள்.

வழியைச் சொல்வதற்கு இரண்டு முறை உண்டு. சர்வரின் முன்னால் உட்கார்ந்து அப்போதே தட்டலாம். மெஷின் அணையும்வரை அது நிற்கும். அல்லது மெஷின் ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் முதலில் படிக்கிற கோப்பில் எழுதிவைக்கலாம். அது என்றைக்கும் நிற்கும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு புது வழியை நேராகக் கோப்பிலேயே எழுதினாள். ஒரு புள்ளி இடம் மாறிவிட்டது. மறுநாள் மெஷின் அந்த வரியில் முட்டிக்கொண்டு விழிக்கவே இல்லை. ஒரு பகல் முழுக்க ஆறு கிளைக்கும் ரிப்போர்ட் போகவில்லை. பெரிய டாக்டரிடம் அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து ஒரு விதி வைத்தாள்: புது வழி எதுவானாலும் மூன்று நாள் கையால் போட்டு ஓடவிட வேண்டும். பிசகில்லாமல் ஓடினால் நாலாம் நாள் கோப்பில் ஏற்ற வேண்டும். நல்ல விதிதான். நாலு வருடம் அவளைக் காப்பாற்றியது.

அந்த வெள்ளிக்கிழமை வந்த வில்லங்கம், ஆற்றங்கரைக் கிளைக்குப் புது மெஷின் வைத்தவர்களால் வந்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மலைக்கிளையின் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து அங்கே போட்டுவிட்டார்கள். இரண்டு கிளைக்கும் ஒரே கிளை எண், ஐந்து. ஒரே கதவெண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆற்றங்கரையில் மெஷினைத் தொடத் தெரிந்தவர் யாரும் இல்லை. மலையில் கம்பவுண்டர் இருந்தார். முப்பத்து மூன்று வயது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கிறவர். அதனால் மலையின் எண்ணைப் பதினைந்தாக மாற்றிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அங்கிருந்த மூன்று மெஷினிலும் தட்டினார். இவள் சர்வரில், ஐந்துக்கு ஆற்றங்கரை, பதினைந்துக்கு மலை என்று இரண்டு வரி தட்டினாள். ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினாள்.

"வந்துருச்சு அக்கா. அழகா வந்துருக்கு" என்றார் கம்பவுண்டர்.

"அப்ப விடுங்க தம்பி. திங்கட்கிழமைவரைக்கும் ஓடட்டும். அப்புறம் கோப்புல ஏத்திடறேன்" என்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாற்பதுக்குக் கூடத்தில் மின்சாரம் போயிற்று. சர்வருக்கு வைத்திருந்த பேட்டரி கிழடு தட்டிப்போனது. ஐந்து நிமிடம் தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. மூன்று மணிக்கு மின்சாரம் வந்ததும் மெஷின் தானாக விழித்தது. கோப்பைப் படித்தது. அதில் இருந்த பழைய வழிகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை கையால் போட்ட இரண்டு வரியும் அதில் இல்லை; பதினைந்து என்றால் எந்தக் கிளை என்று அதற்குத் தெரியாது.

அன்றைக்கு மலைக்கிளையில் ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்று காய்ச்சலோடு படுத்திருந்தது. கழுத்தை அசைக்க முடியவில்லை. மூளைக்காய்ச்சல் என்று பயந்தார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால் எந்த மருந்து என்று தெரியும். தெரியாததால் கையில் இருந்த மருந்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நாலு மணிக்குக் கூடத்தில் முடிவு வந்துவிட்டது. அங்கிருந்த உதவியாளர் அனுப்பு என்று தட்டினார். சர்வரும் சரி என்று வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டது. எதற்கும் ஒரு வார்த்தை வாயால் சொல்லிவிடலாம் என்று அவர் மலைக்குப் போன் செய்தார். லைன் பிஸி. ரிப்போர்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். லைன் பிஸியாகத்தான் இருக்கும். ரிப்போர்ட் வந்த நொடியே பிரிண்டரில் விழ வேண்டும் என்று கம்பவுண்டர் மோடத்தை இணைத்தபடியே வைத்துக்கொண்டு, பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மோடத்தின் வாசல்வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே பிரிண்டர் இருக்கிற இடத்துக்குத்தான் வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஜீப்பில் போட்டுக் கூடம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தார்கள். உயிர் தப்பிவிட்டது. இரண்டு காதும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் முதலில் மெஷின் எத்தனை நேரமாக விழித்திருக்கிறது என்று பார்த்தாள். எண்பது நாள் என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒரு நாள் பதினெட்டு மணிநேரம் என்று காட்டியது.  வரிசையைத் திறந்து பார்த்தாள். மலைக்குப் போக வேண்டிய பதினோரு பக்கம் அப்படியே நின்றது. இரண்டு வரியைத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் பதினோரு பக்கமும் போய்விட்டன. அந்த வேகத்தைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. உடனே, மூன்று நாள் விதியையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கோப்பிலும் ஏற்றினாள்.

கால்மணிநேரத்தில் போன் அடித்தது. கம்பவுண்டர்தான். குழந்தைக்கு என்ன ஆனது என்று அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். 

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எண் மாத்தினோம்ல. நான் பதினஞ்சுக்கு அம்பத்தொண்ணுன்னு மாத்தி அடிச்சிருப்பேனோ? சோதனைப் பக்கம் வந்துச்சு, இப்ப இதுவும் வந்துருச்சு, ஆனாலும் ராத்திரி முச்சூடும் அதேதான் ஓடுது. பிரிண்டர்ல இருக்கற எண்ணைப் போய்ப் பாக்கவும் பயமா இருக்கு."

இங்கேதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். இல்லை தம்பி, நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள் என்று ஒரு வரி. நாக்குவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் எது தப்பு என்பதாக இருக்கும்.

"பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி போன் செய்தார். "பாத்தீங்களா அக்கா?" என்றார். வேலை அதிகம், இன்னும் பார்க்கவில்லை என்றாள். புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. மலைக்கிளைக் கம்பவுண்டர் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மெஷினின் எண்களை மாற்றியிருக்கிறார். அது பற்றி வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. லைன் பார்ப்பவரும் வர வேண்டும். எழுத்து மூலமான அனுமதி எங்கே இருக்கும்? அவள் வாயால் சொன்னாள், அவர் கையால் செய்தார். ஆறு வருடமாக அந்த ஆறு கிளைகளிலும் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

அன்று மாலை தையல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். காலை மிதியிலிருந்து எடுத்தார்.

"உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டா சொல்லு. கேக்காததுக்கு நீயா போய் ஏன் தலையைக் குடுக்கற? கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"கரண்ட் போகும்னு தெரியும்ங்க. பேட்டரி செத்துப்போச்சுன்னும் தெரியும். சனிக்கிழமை மூணாவது நாள்கூட ஆகலை, விதி விதின்னு விட்டுட்டுப் போயிட்டேன். ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கலாம்."

"அந்தத் தம்பிக்கு வேலை போயிடுமா?"

"போனாலும் போகலாம். அதைவிட, தன் கையாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். மூணு நாளா."

தையல்காரர் திரும்ப மிதிக்க ஆரம்பித்தார், காலர் கோணலாகப் போயிற்று, பிரித்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் காலர் கோணியதை அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்களையும் இழுத்துவிட்டுட்டேன் அக்கா, மன்னிச்சுக்குங்க" என்றார்.  பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கிற மனிதர். முன்னால் தாள், பேனா, ஆறிப்போன டீ.

"மெஷின்ல எண்ணை மாத்தினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் கம்பவுண்டர். "தப்பா அடிச்சிருப்பேன்னு நெனைக்கறேன். எழுதிக் குடுக்கறேன் சார்."

"அவர் தப்பா அடிக்கலை சார்" என்றாள் அவள். குரல் தானாக வந்தது. "நான் சொன்ன எண்ணைத்தான் அடிச்சார். சரியாத்தான் அடிச்சார்."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப வயர் அறுந்துச்சா?"

"இல்ல சார். வயர் நல்லாத்தான் இருந்துச்சு."

"மோடம்?"

"மோடமும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப என்னதான்மா கெட்டுப்போச்சு?"

"எதுவும் கெட்டுப்போகலை சார். மெஷினுக்கு வழியை வாயால சொன்ன மாதிரி சொல்லிட்டு, நான் எழுதி வைக்கலை. கரண்ட் போனதும் அது மறந்துடுச்சு."

அவர் டீயைத் தள்ளி வைத்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: மின்தடையால் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு, ஊழியர் எவர்மீதும் நடவடிக்கை தேவையில்லை.

"சார், என் தப்புன்னு எழுதணும்."

"அப்படி எழுதினா அதுக்கு நாலு பக்கம் இணைப்பு வைக்கணும். கரண்ட் போச்சா இல்லையா?"

"போச்சு சார்."

"அப்புறம் என்ன? புது பேட்டரி கேட்டு ஒரு விண்ணப்பம் குடுங்க. போங்க, ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாலு நாளாக நெஞ்சில் கல்லாகக் கிடந்த ஒன்று, டீ ஆறுகிற நேரத்தில் ஒரு வரியாகக் காகிதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பதை நினைத்து அருவருப்பாகவும் இருந்தது.

நடைக்கூடத்தில் கம்பவுண்டர் அவளுக்கு முன்னால் நாலடி போய் நின்றார்.

"எப்ப தெரிஞ்சுது அக்கா?"

"திங்கட்கிழமை."

"நான் போன் பண்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பொய் சொல்ல இடமிருந்தது. அவருக்கு நிரூபிக்கத் தெரியாது.

"முன்னாடி" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள்; கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நான் வார்டுக்குப் போய் அந்தப் பாப்பாவோட அப்பா கால்ல விழுந்தேன். என் கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னேன். அந்த ஆளு என்னைத் தூக்கிவிட்டு, விடுங்க, வேணும்னேவா செஞ்சீங்கன்னாரு. ரெண்டு நாளும் அவரைப் பாத்துட்டுத்தான் மலைக்குத் திரும்பிப் போறேன். எனக்கு டீ வாங்கித் தர்றாரு அக்கா." சுவரிலிருந்து கையை எடுத்தார். "என்னை மன்னிக்கறதுக்கே அந்த மனுசன் எவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு நான் பாத்தேன். இப்ப அவரு திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். நான் போய் எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள். "வார்டு எங்கன்னு மட்டும் காட்டுங்க."

குழந்தைகள் வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. வாசலிலேயே நாற்காலியில் அந்த அப்பா உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு காய்ந்திருந்த வெள்ளையடிக்கிற ஆள். பக்கத்தில் குழந்தை ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தது. கம்பவுண்டரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?" என்றார். அவளைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"லைன் பாக்கறவங்க" என்றார் கம்பவுண்டர். 

அவள் சொன்னாள். எண், மோடம், கோப்பு என்று எதையும் விட்டுவிடவில்லை. விட்டால் தப்பித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் விளங்கியிருக்காது. கடைசியில் கம்பவுண்டரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"ஒரு நிமிஷம்."

 அவள் உட்காரவில்லை, நகரவும் இல்லை. குழந்தை பன்னைக் கீழே வைத்துவிட்டு, வாய் அசைகிறதா என்று அப்பாவின் உதட்டைப் பார்த்தது, அசையவில்லை. கம்பவுண்டரின் உதட்டைப் பார்த்தது. அப்புறம் அவள் உதட்டுக்கு வந்து, ஏதாவது சொல்வாள் என்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.